நடுங்க மறுத்த கிடார்

"நிறுத்து, நிறுத்து! வீரா, உன் கிடாருல நடுக்கமே இல்லையேய்யா!"

ஒத்திகையின் நடுவில் ராசாங்கம் கையைத் தூக்கியதும் மதுரைவீரனுக்கு உடம்பு மட்டும் நன்றாக நடுங்கியது. வீரமெல்லாம் பெயரோடு சரி. மெல்லிசைக் குழு ஓனர் ராசாங்கம் இருமினாலே அவன் எழுந்து நின்றுவிடுவான்.

"அந்த சோகப் பாட்டு எடுத்தவுடனே கிடாரு அழுவணும். விம்மி விம்மி அழுவணும். கீபோர்டு ரஞ்சித்து ஒரு பட்டனை அமுக்குறான், அது அழுவுது. கல்லங்குறிச்சி கச்சேரியில உன்னோடது நடுங்கலைன்னா குழுவுக்குக் கிடாரே வேணாம். சொல்லிப்புட்டேன்."

கிடார் இல்லாத மதுரைவீரனை மதுரைவீரனாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை. மறுநாளே திருச்சிக்குப் பஸ் ஏறினான்.

"நடுங்குற பெடல் வேணுங்க" என்றான் கடையில்.

"டிரெமோலோவா?"

"பேரு என்னவோங்க. சத்தம் விட்டு விட்டு வரணும்."

கடைக்காரர் கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டும் பெடல்களில் பச்சை ஒன்றும் நீலம் ஒன்றுமாக இரண்டை எடுத்து வைத்தார். கண்ணாடி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஏதோ கரண்டு ஒயரை இழுத்துப் பெடலில் செருகினார். பச்சையை மிதித்தால் கிடார் விம்மியது. நீலத்தை மிதித்தால் கேவியது. மதுரைவீரனோ கத்தரிக்காய் வாங்கப் போனாலே நீளமா உருண்டையா என்று அரைமணி நேரம் நிற்பவன். கடைக்காரருக்கு ராசாங்கத்தைத் தெரியும் என்பதால் வழி பிறந்தது.

"ரெண்டையும் கொண்டுபோய்ப் பாருங்க. புடிச்சதை வச்சுக்கிட்டு இன்னொண்ணைத் திருப்பிக் குடுங்க."

துறைமங்கலத்தில் அவன் வீட்டு முன்னறை பாதி கிடாருக்கு, பாதி மனைவி கமலவேணியின் தையல் மெஷினுக்கு. திருவிழா ஜாக்கெட்டுகள் குவிந்ததால் அவள் போன மாதம்தான் மெஷினுக்கு, காலால் மிதித்தால் ஓடும் மோட்டார் மாட்டியிருந்தாள். அவனுடைய ஸ்பீக்கருக்கும் அவள் மோட்டாருக்கும் ஒரே பிளக்குப் பலகை. அந்த வீட்டில் மின்விசிறி போட்டாலே பல்பு மங்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பச்சையை மிதித்துக் கம்பியைத் தட்டினான். சத்தம் வந்தது, நடுக்கம் வரவில்லை. அடுப்படியில் கமலவேணி தாளித்துக்கொண்டிருந்தாள். நீலத்தை மாற்றி மாட்டுவதற்குள் அவள் வந்து ஜாக்கெட்டோடு உட்கார்ந்துவிட்டாள். நீலத்தை மிதித்தான். கிடார் கேவிக் கேவி அழுதது.

"நீலம்தான் கமலா! நீலம்தான்!"

காலையில் நீலம் நடுங்க மறுத்துவிட்டது. அவள் குடம் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போயிருந்தாள். வந்து தைக்க உட்கார்ந்த நேரம் அவன் பச்சையை மாட்டியிருந்தான். பச்சை தேம்பியது. அவள் பால் வாங்க எழுந்து போனதும் அதுவும் நின்றது.

மதுரைவீரனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தான். இடது காலால் மிதித்தான். மணை மேல் வைத்து மிதித்தான். கடைசியில் இரண்டு பெடலுக்கும் திருநீறு பூசி, சிறுவாச்சூர் அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மிதித்தான். அம்மனும் கைவிட்டாள்.

அப்போதுதான் வந்து தைக்க உட்கார்ந்த கமலவேணி ஒரு மிதி மிதித்துக் காலை எடுத்துவிட்டு, மங்கித் தெளிந்த பல்பை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணு தோணுது..."

"சும்மா இரு புள்ள. இது மியூசிக் சமாச்சாரம். உனக்கென்ன தெரியும்?"

அவள் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள்.

தனக்குத்தான் காது கெட்டுவிட்டதோ என்ற சந்தேகத்தில் அவன் ராசாங்கத்தையே வீட்டுக்கு அழைத்து வந்தான். விருந்தாளி வந்தால் உட்கார்ந்தே தைக்கலாமா? கமலவேணி எழுந்து டீ போடப் போனாள்.

நீலம், நடுக்கமில்லை. பச்சை, நடுக்கமில்லை.

டீயைக் குடித்துவிட்டு ராசாங்கம் கிளம்பினார். கமலவேணி மெஷினில் உட்கார்ந்தாள். அவர் தெருமுனையைத் தாண்டவில்லை, வீட்டுக்குள் கிடார் ஒப்பாரி வைத்தது. ராசாங்கம் ஒரு செருப்பை வழியில் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இதுதாய்யா! இதான்யா!"

"வாங்கண்ணே, உக்காருங்க" என்று கமலவேணி மரியாதையாக எழுந்தாள். ஒப்பாரி நின்றது.

ராசாங்கம் சிவந்துபோனார். "என்ன வீரா, விளையாடுறியா? மேடையில பாத்துக்கறேன் உன்னை."

கச்சேரி அன்று சாமான் ஏற்ற வந்த வேனில் கமலவேணியும் ஏறினாள். கூடவே தையல் மெஷின், பிளக்குப் பலகை.

"இது எதுக்கு?" என்று பதறினான் மதுரைவீரன்.

"பாடுற ஜோதிக்கு ஜாக்கெட்டு இன்னும் கை வைக்கல. அங்கன உக்காந்து முடிச்சுருவேன்."

தன் வாழ்க்கையே அந்தரத்தில் தொங்கும்போது இவளுக்கு ஜாக்கெட்டுக் கை முக்கியமாகிவிட்டதே என்று அவனுக்கு அழுகையாக வந்தது. மேடைக்குப் பின்னால் மைக்செட் தங்கசாமியிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"நம்ம பலகையிலயே அவரு ஸ்பீக்கரையும் சொருவிடுப்பா. அவருக்கு அதான் பழக்கம்."

சோகப் பாட்டு வந்தது. மதுரைவீரன் கண்ணை மூடி நீலத்தை மிதித்தான். முதல் தட்டு மொட்டையாக விழுந்தது. ராசாங்கத்தின் கை ரஞ்சித்தைப் பார்த்து எழுந்தது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தான்.

அப்போது கிடார் விம்மியது.

வெறும் விம்மல் இல்லை. தாளத்துக்குத் தாளம் விம்மியது. ஜோதி மூச்செடுத்த இடத்தில் அதுவும் மூச்செடுத்தது. சரணத்தில் தேம்பி, முடிவில் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். கைதட்டல் ஓய வெகு நேரமானது. மதுரைவீரன் கிடாரையே குனிந்து பார்த்தான். வாழ்நாளில் இப்படி அவன் வாசித்ததே இல்லை.

ராசாங்கம் மேடையிலேயே அவனைக் கட்டிக்கொண்டார். "நான் குழு நடத்துற வரைக்கும் கிடாரு நீதான்யா. அந்தப் பெடலை மட்டும் தொலைச்சுடாத!"

"உயிரே போனாலும் விடமாட்டேண்ணே!"

ஒரு வழியாக எந்தப் பெடல் என்று முடிவாகிவிட்டது. நீலத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அடிமூடி கழன்று விழுந்தது. பேட்டரி வைக்கிற குழி காலியாக இருந்தது. பேட்டரி போட்ட தடமே இல்லை.

அவன் வாயைப் பிளந்து நிற்கையில் படுதாவை விலக்கிக்கொண்டு தங்கசாமி தலையை நீட்டினான்.

"அண்ணே, அடுத்த பாட்டுக்கு மெஷினை வேகமா மிதிக்கணுமா, மெதுவா மிதிக்கணுமான்னு அக்கா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."