மேல் மாடி காலி

தோசைக்கல்லில் வட்டமாகப் போட்டது, திருப்பிப் போடும்போது உப்புமாவாகிவிட்டது.

ராஜ்குமார் கரண்டியும் கையுமாகக் குனிந்து அதையே உற்றுப் பார்த்தான். பக்கத்தில் லீலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"காலைலேந்து இதே கததான். பேசாம வடை சுட்டுடலாங்க."

"வடை வேற, பர்கர் வேற லீலா. பெரிய பார்ட்டி. அவங்க கேட்டதத்தான் குடுக்கணும்."

"பார்ட்டி பொடவ பாக்க வருதா, பர்கர் துன்ன வருதா?"

ராஜ்குமார் கரண்டியைக் கீழே வைத்தான். கல்லில் இருந்ததில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுப் பார்த்தான். ருசி மோசமில்லை. ஆனால் எது இதைப் பிடித்து வைக்கும் என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பெரிய பார்ட்டியின் பெயர் சக்கரவர்த்தி. பூர்வீகம் இந்தப் பக்கத்து ஜைனக் குடும்பம். இப்போது வெளியூரில் ஜவுளி வியாபாரம். இனி வருஷம் முழுக்கப் பட்டுப் புடவை எடுப்பதற்கு ஆரணியில் ஒரே ஒரு நெசவாளரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார் என்று தரகர் எல்லப்பன் சொல்லியிருந்தார். முதலில் ஊரை ஒட்டிய சேவூரில் ராஜ்குமார் வீடு. பிடிக்கவில்லையென்றால் அடுத்த தெருவில் தனகோடி வீடு.

ராஜ்குமாரின் நாலு விசைத்தறியில் இரண்டு ஏற்கெனவே வாயை மூடிக்கொண்டுவிட்டன. வழக்கமாக எடுக்கும் கடை, தீபாவளிக்குப் பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டது. இந்தப் பார்ட்டியும் கை நழுவினால் செய்யாறு கம்பெனியில் ஷிப்டுக்குப் போக வேண்டியதுதான். லீலாவின் தம்பி அங்கே சொல்லியே வைத்துவிட்டான். விடியற்காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போதெல்லாம், அது தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று ராஜ்குமாருக்குத் தோன்றியது.

எல்லப்பனின் போன் நேற்று வந்தது. அப்போது ராஜ்குமார் தறியருகே நின்றிருந்தான். பாதியில் தறியை நிறுத்தினால் புடவையின் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும். நாளைக்குக் காட்ட வேண்டிய புடவை. அதனால் தறியை ஓடவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதால் கேட்டான். தறி தின்றது போக மிச்சம் அவன் காதுக்கு வந்தது இவ்வளவுதான்:

"நாளைக்கு சாயங்காலம் இட்டுகினு வரேன்... சக்கரவர்த்தி சாரு... பர்கர்... சுத்த சைவம்... கெழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் ஆவாது... ஓட்டல்ல கை நனைக்க மாட்டாரு, வூட்ல பண்ணதுதான்... பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடணும்..."

இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது? வீட்டில் செய்த சைவ பர்கர். கிழங்கு கூடாது.

ராஜ்குமாருக்கு எதையும் பிரித்துப் பார்த்தால்தான் சோறு இறங்கும். போன மாதம் மிக்ஸியைப் பிரித்தான். அது இப்போது ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதுவும் தட்டிக் கொடுத்தால். நேற்று பேக்கரியில் ஒரு வெஜ் பர்கர் வாங்கி வந்து, செய்தித்தாளை விரித்து அதன் மேல் அடுக்கடுக்காகப் பிரித்து வைத்தான்.

"பாரு லீலா. பன்னு. உருளக்கெழங்கு. வெங்காயம். கோசு. இதுல உருளையையும் வெங்காயத்தையும் எடுத்துட்டா இன்னா மிச்சம்?"

"பன்னும் பசியும்."

லீலாவுக்குப் பிறந்த வீடு படவேடு. அங்கிருந்து வந்த சாமையும் காராமணியும் டப்பாவில் இருந்தன. சாமையைக் குழைய வேகவைத்து, காராமணியை மசித்து, மிளகும் சீரகமும் இடித்துப் போட்டு, வட்டம் தட்டினார்கள். உப்புமாவானது அதுதான்.

ராஜ்குமார் கையைத் துடைத்துக்கொண்டு எல்லப்பனுக்குப் போன் போட்டான்.

"எல்லப்பண்ணா, பர்கர்னு சொன்னியே, நெசமாத்தானா?"

கார் ஹாரன் சத்தத்துக்கு நடுவே எல்லப்பன் கத்தினார்: "ஆமாம்பா! எத்தினி தபா சொல்றது? வந்துகினேகீறோம்."

"இல்லணா, எம்மாம் பெருசுன்னு கேட்டேன்."

"பெருசுதான். மூணு மாடி!"

"மூணு மாடியா?"

"மேல் மாடிதான் காலியா கெடக்குது. அத நெரப்பத்தான் உன்னத் தேடி வராரு. நெரப்பிடுவல்ல?"

"எதப் போட்டுணா நெரப்பணும்?"

"என்னைக் கேக்குறியே! உன் கைவேலைதான்யா. பேஜார் பண்ணாத, போன வை."

ராஜ்குமார் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தான். மூன்று அடுக்கு. மேல் அடுக்கு காலி. அதில் என்ன வைப்பது என்பது தன் இஷ்டம். பணக்காரர்களுக்கு எத்தனை விதமான ஆசைகள்!

"லீலா, மூணு மாடியாம்."

"பர்கருக்கா?"

"மேல் மாடி காலியாம்."

"யாருக்குங்க, உங்களுக்கா?"

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்கு அதற்கு நேரமில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு வேர்க்கடலை டப்பாவை எடுத்தான். அரைத்துச் சேர்த்தால் எண்ணெய்ப் பசையில் ஒட்டும் என்று கணக்கு. லீலா அவன் கையைப் பிடித்தாள்.

"மண்ணுக்குள்ள வெளையறது. பேர்லயே வேர் இருக்குது. அவங்களுக்கு ஆவுமா?"

ராஜ்குமார் டப்பாவைப் பார்த்தான். சந்தேகம்தான். வேர்க்கடலை வேண்டாம். "அப்போ ஜவ்வரிசி. ஊறவெச்சி மசிச்சா பசை கணக்கா புடிக்கும். பேர்லயே அரிசி இருக்குது, வம்பே இல்ல."

ஜவ்வரிசி அருமையாகப் பிடித்தது. வட்டங்கள் வட்டங்களாகவே இருந்தன. திருப்பினான், உடையவில்லை. மறுபடி திருப்பினான். சந்தோஷத்தில் தேவையே இல்லாமல் இன்னொரு தரமும் திருப்பினான். நூல் சுற்ற வந்திருந்த காசியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

காசியம்மாள் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "சோக்காகீது. எங்க அக்காவ சேலத்துப் பக்கம் குடுத்துகீது. அங்க மரவள்ளிக் கெழங்குலதான் ஜவ்வரிசி பண்றாங்க. எம்மாம் பெரிய மில்லுன்ற!"

ராஜ்குமார் அடுப்பை அணைத்தான்.

"கெழங்கா?" என்றான் ராஜ்குமார், ரொம்ப மெதுவாக.

அத்தனையும் காசியம்மாளின் தூக்குச் சட்டிக்குள் போயின. அவள் ஏன் எதற்கு என்று கேட்காமல் மூடியை அழுத்தி மூடிக்கொண்டாள்.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. பொழுது சாய்வதற்குள் அவர்கள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ராஜ்குமார் அடுப்பங்கரைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில் நின்றான். தறியில் ஏறக் காத்திருந்த பாவு நூல், புடவையின் நெடுக்கு இழை, கண்ணில் பட்டது. இழை அறுந்து போகாமல் இருக்கப் பாவுக்கு என்ன போடுகிறோம்? அரிசிக் கஞ்சி. போட்டு வெயிலில் காயவைக்கிறோம். அவ்வளவு மெல்லிய பட்டு இழையையே பிடித்து நிறுத்துகிற கஞ்சிக்கு, காராமணி எம்மாத்திரம்?

"லீலா! கஞ்சி காய்ச்சு!"

கெட்டிக் கஞ்சி ஊற்றிப் பிசைந்து, வட்டம் தட்டி, மொட்டைமாடியில் தட்டோடு வெயிலில் வைத்தான். தை மாத வெயில்தான். ஆனாலும் வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே செய்தது. கீழே எடுத்து வரும்போது ஒன்று கை தவறி விழுந்தது. அது உடையவில்லை. உருண்டு போய்த் தறியின் இரும்புக் காலில் 'டங்'கென்று மோதி நின்றது.

"கேரம் ஆடறதுக்கு ஆவும்" என்றாள் லீலா. ஆனால் அவளுக்கும் இப்போது ஆர்வம் வந்துவிட்டது. அவளே இட்லிப் பானையை எடுத்து வைத்தாள். "ஆவியில வெச்சி எடுத்தா இளகும். ஜல்தி ஆவட்டும், நவுருங்க."

இளகியது. முழுசாக இல்லை, வெளியே உறுதி, உள்ளே பதம். லீலா பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள். "ஏங்க, நல்லாத்தாங்க கீது!" என்றாள். அன்றைக்கு முதல் முறையாக ராஜ்குமாருக்கு அழுகை வரும் போலிருந்தது.

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. முதல் மாடி காராமணியும் சாமையும். இரண்டாம் மாடி கொள்ளும் கம்பும். காலியாக இருந்த மேல் மாடிக்கு, வறுத்த தினையும் எள்ளும் வெல்லமும் இடித்து, ஏலக்காய் போட்டு நிரப்பினார்கள். பன்னை அறுக்கக் கத்தியை எடுத்த நேரத்தில், ராஜ்குமாருக்குப் பன் எப்படி உப்புகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. போனில் தேடினான்.

"ஈஸ்ட் போட்டு உப்ப வெக்கிறாங்களாம். ஈஸ்டுன்னா நுண்ணுயிராம் லீலா. உயிருன்னு போட்டுகீது."

"உங்களை யாரு இப்போ இதெல்லாம் பாக்கச் சொன்னது?"

"பாத்துட்டனே! இனிமே எப்படிக் குடுக்கறது?"

பன் போய், கோதுமை ரொட்டி வந்தது. தடியாகச் சுட்டு, டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வெட்டினார்கள். எல்லாவற்றையும் அடுக்கியபோது மூன்று மாடியும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ராஜ்குமார் ஓடிப்போய்க் கொஞ்சம் ஜரிகை எடுத்து வந்து, சுற்றி வளைத்து ஒரு முடிச்சுப் போட்டான். நின்றது.

வாசலில் கார் வந்து நின்றது.

சக்கரவர்த்தி உயரமாக, வெள்ளை வேட்டியில், அதிகம் பேசாதவராக இருந்தார். அவர் மனைவி ஜினமதியின் கண்கள் வந்ததுமே தறிகளை எண்ணின. ஓடாத இரண்டையும் பார்த்துக் கணவரைப் பார்த்தாள். எல்லப்பன் புடவைகளைப் பிரித்துப் போட்டார். சக்கரவர்த்தி ஒவ்வொன்றையும் திருப்பி, உள்பக்கம் பார்த்து, முந்தானையைத் தடவி, ஒரு பக்கமாக வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் கடைசியில். "தனகோடின்னு இன்னொருத்தரும் இருக்காராமே. அவரு சரக்கையும் ஒரு பார்வை பாத்துட்டு..."

ராஜ்குமாரின் காதில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"சார், பொழுது இருக்குது சார். கொஞ்சம் சாப்ட்டுப் போயிடுங்க. எல்லாம் வூட்ல பண்ணது. கெழங்கு இல்ல, வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல. லீலா!"

லீலா தட்டுகளைக் கொண்டு வந்து வைத்தாள். மூவருக்கும் ஆளுக்கொரு கட்டடம், ஜரிகை கட்டியபடி.

எல்லப்பன் அதைப் பார்த்தார். பிறகு ராஜ்குமாரைப் பார்த்தார். "யோவ், இன்னாயா..." என்று ஆரம்பித்தார்.

ஜினமதி முந்திக்கொண்டாள். "இது என்னங்க?"

"நீங்க கேட்டதுதாங்கம்மா" என்றான் ராஜ்குமார் பணிவாக. "மூணு மாடி."

சக்கரவர்த்தி தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தார். குனிந்து பார்த்தார். விரலை வைத்துக் கீழிருந்து மேலாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்.

"மேல் மாடி?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"காலியா இருக்குதுன்னு எல்லப்பண்ணன் சொன்னாரு. நெரப்பிட்டேன் சார். எடமே விடல. என்னால முடிஞ்ச அளவுக்கு நல்ல சரக்காப் போட்டு நெரப்பியிருக்கேன்."

சக்கரவர்த்தி தட்டை ஒரு சுற்றுத் திருப்பினார். ஜரிகை முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "பாத்தியா ஜினமதி?" என்றார். ஜினமதி தலையை ஆட்டினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. பர்கரைப் பார்த்துக் கண் கலங்குகிற மனுஷியை ராஜ்குமார் அன்றுதான் பார்த்தான்.

சக்கரவர்த்தி ஜரிகையை அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு மாடியாக, ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து எல்லப்பனிடம் சொன்னார்:

"தனகோடி வீட்டுக்குப் போவ வேணாம். இவருதான். நாலு தறியும் ஓடட்டும்."

எல்லப்பன் திறந்த வாயை மூடவில்லை. அவருக்குத் தரகு நிச்சயமானதால் பிறகு மூடிக்கொண்டார்.

ராஜ்குமாருக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே ஜினமதி லீலாவிடம் கொள்ளு எவ்வளவு, கம்பு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருக்க, அவன் இன்னொரு தட்டோடு வாசலுக்கு ஓடினான். சக்கரவர்த்தியின் டிரைவர் துரை காரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"சாப்புடுணா. உனக்கும் ஒண்ணு எடுத்து வெச்சேன்."

துரை வாங்கி ஒரு கடி கடித்தார். புருவத்தை உயர்த்தினார். இன்னொரு கடி கடித்தார்.

ராஜ்குமார் குரலைத் தாழ்த்தினான். காலையிலிருந்து அவன் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி. இனி கேட்டால் தப்பில்லை.

"ஏன்ணா, நான் பாட்டுக்குக் கேக்கறேன்னு நெனைக்காத. சாருக்கு பர்கர்னா அவ்ளோ உசுரா?"

துரை வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"உசுரு இல்லாம பின்ன? மூணு மாடி கட்டி, மேல் மாடிய பட்டுக்குன்னே காலியா விட்டு, சாரு ஜவுளிக்கட வச்சிருக்கறதே பர்கூர்லதானுங்களே!"