கிணற்றில் தண்ணீர் ஊற்றியது யார்?

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் ஆசை. முதல் சொல்லே பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன். உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே?

பின்தெரு பெட்ரோல் நிலையத்தின் தொட்டி ஒழுகி, நம் கொல்லைக் கிணறு நாறிப்போனது உனக்குத் தெரியும். மற்றவர்களாக இருந்தால் கிணற்றை மூடியிருப்பார்கள். என் மகளோ அதையே தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டாள். கிணற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் பெட்ரோலைத் தின்கின்றனவாம். அதை இவள் நிரூபிக்க வேண்டுமாம். எட்டு மாதமாக வாரம் தவறாமல் குப்பி குப்பியாக மொண்டு வைத்ததில், குளிர்பெட்டியில் பால் வைக்க இடமில்லை. உன் அண்ணி ஒரு குப்பியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, அரை நாள் என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்தேன்?

போன வாரம் சோதனை முடிவு வந்தது. பெட்ரோல் பாதியாகக் குறைந்திருந்தது. அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"குறைஞ்சா நல்லதுதானேம்மா?"

"இல்லப்பா. கார்பன்ல லேசு, கனம்னு ரெண்டு ஐசோடோப் இருக்கு. இந்த உயிருங்க லேசானதைத்தான் முதல்ல தின்னும். தின்னு குறைஞ்சிருந்தா மிச்சத்துல கனமானது கூடியிருக்கணும். கூடவே இல்ல, ரெண்டும் ஒரே அளவாத்தான் குறைஞ்சிருக்கு. யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க!"

சொல்லிவிட்டு என்னையே பார்க்கிறாள், தம்பி! பெற்ற தகப்பனை! முப்பத்திரண்டு வருஷம் தபால் நிலையத்தில் இருந்து, அடுத்தவர் கடிதத்தை வெளிச்சத்தில்கூடப் பிடித்துப் பார்க்காதவன் நான். மழை பெய்திருக்கும் என்றேன். பெய்யவில்லை என்று பதிவேட்டைக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் என்றேன். அவர் இரண்டு மாதமாக ஊரிலேயே இல்லையாம். மாதக் கடைசிக்குள் பேராசிரியரிடம் முடிவைக் கொடுக்காவிட்டால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்று அழுகிறாள். யார், எவ்வளவு ஊற்றினார்கள் என்று தெரிந்தால்கூடக் கணக்கில் கழித்துச் சரிக்கட்டிவிடலாமாம். ஊற்றிய பாவி எவனோ, அவன் கை விளங்காமல் போக!

எது எப்படியோ, இந்தக் கூத்து இனி என் வீட்டில் நடக்காது. கிணற்றை மூட ஆளுக்குச் சொல்லிவிட்டேன். நீயாவது அவளுக்குப் புத்தி சொல்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். சின்னவனுக்கு இருமல் நின்றதா?

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்துபோன அண்ணன்

பின்குறிப்பு: கிணற்றை மூடவில்லை. ஊற்றியது நான்தான், சாபத்தை அடித்துவிட்டுப் படி. வாராவாரம் "இன்னும் குறையலப்பா" என்று அவள் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இப்போது வந்து, தண்ணீரையும் இதே மாதிரி சோதித்தால் கிணற்றுத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று தெரிந்துவிடும் என்கிறாள். நீ உடனே கிளம்பி வந்து, போன மாதம் வந்தபோது நீதான் ஊற்றியதாக ஒப்புக்கொள். தோட்டக் குழாய், இரண்டு நாள், காலையில் ஒரு மணி நேரம். மனப்பாடம் செய்துகொண்டு வா. சித்தப்பா என்றால் அவளுக்கு உயிர், உன்னை மன்னித்துவிடுவாள். என்னோடு அவள் ஒரு நாள் பேசாவிட்டாலும் எனக்குத் தாங்காது.