பந்துக்கு எண்ணெய் வைத்தவன்

பொரளைச் சந்தியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தபோது ஒரு பஸ் கொண்டக்டர் என்னைப் பார்த்து, "கொட்டஹேன, கொட்டஹேன! நகின்ன சேர்!" என்று கொட்டாஞ்சேனைக்கு ஏறச் சொல்லிக் கையைக் காட்டினான். என்னை அதுவரை யாரும் சேர் என்று கூப்பிட்டதில்லை. குனிந்து பார்த்தேன். சர்வதேசப் போட்டியின் அடையாள அட்டை, என் படத்துடன், இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். பஸ்ஸில் ஏறவில்லை. என் தலையிலிருந்து கிளம்பிய தேங்காயெண்ணெய் மணத்தைச் சனக்கூட்டத்துக்குள் கொண்டுபோக அன்று எனக்குத் தைரியம் இல்லை.

வேலையிலிருந்து துரத்தப்படுவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. பிறகு வெள்ளவத்தையில் புடவைக்கடை, மட்டக்குளியில் ஐஸ் உடைக்கும் இடம், நுகேகொடைச் சந்தையில் மரக்கறி மூட்டை. சில இடங்களில் அவர்கள் என்னைப் போகச் சொன்னார்கள், சில இடங்களில் நானே போனேன். ஆனால் இரண்டு நாடுகள் சேர்ந்து என்னைத் துரத்தியது அந்த ஒரு தடவைதான்.

அந்த வேலையை வாங்கித் தந்தவர் என் அத்தான் அன்ரன். அக்காவின் கணவர். பொரளைக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர் உள்ளரங்கில் ஸ்டோர் பொறுப்பாளர். அவருக்கும் தற்காலிக வேலைதான். போட்டி நல்லபடியாக முடிந்தால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வளர்ந்துவரும் நாடுகளின் ஆண்கள் ஹேண்ட்போல் போட்டி அது. (ஹேண்ட்போல் தெரியாதவர்களுக்கு: பந்தைக் கையால் எறிந்து கோல் போடுவது. கால்பந்தைவிடச் சிறிய பந்து. ஒரு கையால் கவ்விப் பிடித்து எறிய வேண்டும். இந்தக் 'கவ்வி'யில்தான் என் கதை முழுவதும் இருக்கிறது.)

முதல் நாளே அத்தான் சொன்னார். "டேய் ஜூட், இஞ்ச பார். உனக்காக நான் பெரியவரிட்ட கதைச்சனான். தரை துடைக்கிறது, பந்து எடுத்துக் குடுக்கிறது. வேற ஒண்டும் செய்யாதே."

"ஓம் அத்தான்."

"மூளையைப் பாவிக்காதே."

"ஓம் அத்தான்."

அக்கா இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். "இவருக்கு ஏதும் நடந்துதெண்டால் இந்த வாசல்ல மிதிக்காதே."

முதல் இரண்டு நாளும் நான் மூளையைப் பாவிக்கவில்லை. மூன்றாம் நாள் நம் அணிக்கும், பெயரைச் சொன்னால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் தூரத்து மலைநாடு ஒன்றின் அணிக்கும் ஆட்டம். வென்றவர்கள் அடுத்த சுற்று, தோற்றவர்கள் வீடு. காலையில் அத்தான் என்னை ஸ்டோருக்கு அனுப்பி, "பந்துகளைப் பார்த்து வை" என்றார். பார்த்தேன். எல்லாப் பந்தும் கறுத்து, தூசியும் தலைமயிரும் ஒட்டிப் பிசுபிசுத்துக் கிடந்தன. தொட்டால் விரல் வர மறுத்தது.

கொழும்பில் வளர்ந்த எவனுக்கும் அது என்னவென்று சந்தேகம் வராது. பிலாப்பால், பலாப்பழத்தின் பசை. முதல் நாள் விருந்தில் வந்தவர்களுக்குப் பலாப்பழம் வைத்ததை நானே பார்த்திருந்தேன். பாவம், வெளிநாட்டுக்காரர்கள், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சாப்பிட வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அதே கையோடு பந்தைப் பிடித்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

(பந்து வழுக்காமல் இருக்க அவர்களே பூசும் பிசின் அது என்பதும், டப்பா டப்பாவாகக் கொண்டுவருவார்கள் என்பதும், அந்தப் பிசுபிசுப்பு இருந்தால்தான் பந்து கையில் நிற்கும் என்பதும் எனக்குத் தெரியாது. மூளையைப் பாவிக்கச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன்.)

பிலாப்பாலுக்கு மருந்து தேங்காயெண்ணெய். மாதா படத்து விளக்குக்காக அத்தான் ஸ்டோரில் வைத்திருந்த போத்தலை எடுத்தேன். ஒவ்வொரு பந்தாக மடியில் வைத்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் தேய்த்தேன். பிசின் கரைந்து வழிந்தது. துணியால் துடைத்தேன். பந்துகள் பளபளத்தன. மிச்ச எண்ணெயை வீணாக்காமல் தலையில் வைத்துச் சீவிக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. நம் அணியின் முதல் எறி. உயரமான பையன், ஓடிவந்து துள்ளிக் கையை வீசினான். கை முன்னால் போனது. பந்து பின்னால் போய்ப் பிரமுகர் வரிசையில் ஒருவரின் தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டது. சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்து அவர்கள் எறிந்தார்கள். பந்து சவர்க்காரக் கட்டி போல நழுவி, எறிந்தவனின் காலிலேயே விழுந்தது. நடுவர் பந்தை மாற்றச் சொன்னார். நான் ஓடிப்போய் இன்னொன்று கொடுத்தேன். அதுவும் நழுவியது. இன்னொன்று. அதுவும். சிரிப்பு நின்றது. பந்து விழுந்த இடமெல்லாம் தரை மினுங்கத் தொடங்கியது. நம் கோல்காப்பாளர் பக்கவாட்டில் பாய்ந்தவர் நிற்க முடியாமல் கம்பம்வரை வழுக்கிக்கொண்டே போனார்.

"தரை! தரை!" என்று நடுவர் கத்தினார். என் வேலை. பாய்ந்து துடைத்தேன். துடைத்த இடத்தில் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். மறுபடி ஓடிப்போய் இன்னும் அழுத்தித் துடைத்தேன். அப்போதுதான் மலைநாட்டு அணியின் கப்டன் விழுந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பவேயில்லை.

குனிந்து கையிலிருந்த துணியைப் பார்த்தேன். காலையில் பந்து துடைத்த அதே துணி.

விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் எங்கள் ஆட்களைக் கை நீட்டித் திட்டினார். எங்கள் பயிற்சியாளர் அவர்களை. சதி என்ற சொல் மட்டும் எல்லா மொழியிலும் எனக்கு விளங்கியது. போட்டியை நடத்திய பெரியவர் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி இறங்கி வந்தார்.

"ஸ்டோர் எக பார கவுத?" ஸ்டோருக்குப் பொறுப்பு யார் என்றார்.

அத்தான் முன்னுக்கு வந்தார். "மம சேர்." நான்தான் என்றார். முகத்தில் இரத்தம் இல்லை.

பெரியவர் சிங்களத்தில் மெதுவாகத்தான் பேசினார். மெதுவாகப் பேசியதுதான் பயமாக இருந்தது. பந்துகளின் சாவி யாரிடம், காலையில் யார் தொட்டது, இதற்கு யார் காசு கொடுத்தது. அத்தான் என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பினால் நான் பிடிபடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'நாளைக்கு வராதே' என்ற சொல் பெரியவரின் வாய்வரை வந்துவிட்டது. நான் அவர்கள் பக்கம் ஓரடி எடுத்து வைத்தேன்.

என் தலைதான் எங்களைக் காப்பாற்றியது.

கப்டனை எழுப்பி நொண்டி நொண்டிக் கூட்டிவந்தார்கள். முழங்காலுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கையில் பந்தை வைத்திருந்தான். என்னைத் தாண்டும்போது நின்றான். பந்தை முகர்ந்தான். குனிந்து என் தலையை முகர்ந்தான். மறுபடி பந்தை. பிறகு தன் மொழியில் ஏதோ கத்தினான். அவர்களின் பயிற்சியாளர் வந்து முகர்ந்தார். நடுவர்கள் இருவரும் ஒருவர் பின் ஒருவராக முகர்ந்தார்கள். கடைசியில் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் உச்சியில் மூக்கை வைத்தார்.

"பொல்தெல்," என்றார். தேங்காயெண்ணெய்.

"பிலாப்பால் எண்டு நினைச்சு..." என்று அத்தானிடம் தமிழில் தொடங்கினேன்.

"ஐயோ மடையா," என்றார் அத்தான், கண்ணை மூடிக்கொண்டு. அதைச் சிங்களத்தில் சொன்னார். பெரியவர் ஆங்கிலத்தில் சொன்னார். யாரோ அவர்கள் மொழியில் சொன்னார்கள். நான்கு மொழியிலும் என் மடத்தனம் போய்ச் சேர்ந்த பிறகு கப்டன்தான் முதலில் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. அத்தானைப் பார்த்து, நாளை மதியத்துக்குள் தரையில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்கக் கூடாது, ஆட்டம் அப்போது நடக்காவிட்டால் உனக்கும் வேலை இல்லை என்றார். என்னிடம் இரண்டே சொல்.

"மல்லி, யன்ன." தம்பி, போ.

போய்விட்டேன். வீட்டுக்குப் போகவில்லை. கொச்சிக்கடையில் ஒரு கூட்டாளியின் அறையில் படுத்தேன். அட்டையைத் தலைமாட்டில் வைத்தால் அது என்னைப் பார்த்தது. திருப்பி வைத்தேன்.

விடிந்ததும் கொட்டாஞ்சேனைச் சந்தியில், கூலிக்கு ஆள் ஏற்றும் இடத்தில் நின்றேன். ஒரு லொறி வந்தது. தாடி வைத்த முஸ்லிம் ஒப்பந்தக்காரர் தலையை நீட்டினார்.

"நானா, என்ன வேலை?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"தேய்க்கிற வேலை தம்பி. பொரளைப் பக்கம் ஒரு ஹோல். பகலைக்கு முந்தி முடிக்கோணும். ஆள் போதாம ஈக்கி. எவனோ பைத்தியக்காரன் தரை முழுக்க எண்ணெயக் கொட்டீக்கிறானாம்."

"அப்படியா நானா," என்று ஏறிக்கொண்டேன்.

அரங்கின் பின்கதவைத் திறந்தது அத்தான். இரவெல்லாம் தனியாகத் தேய்த்திருக்கிறார், கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்தார். ஒப்பந்தக்காரரைப் பார்த்தார். தேய்க்கும் பிரஷ் ஒன்றை என் கையில் கொடுத்து, தாழ்ந்த குரலில், "தரையை மட்டும்," என்றார்.

அந்த மதியம் ஆட்டம் நடந்தது. அத்தானின் வேலையும் பிறகு நிரந்தரமானது. ஆனால் அந்த இரண்டு சொல் எங்கள் குடும்பத்தில் நின்றுவிட்டது. நான் மின்விசிறியைத் திருத்த ஏறினாலும் சரி, அக்கா மகளின் ஞானஸ்நானத்தில் பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினாலும் சரி, அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "தம்பி, தரையை மட்டும்!"

அன்று காலையோ சிரிக்க நேரம் இல்லை. முழங்காலில் நின்று, கோல் கம்பத்திலிருந்து நடுக்கோடுவரை பலகை பலகையாகத் தேய்த்தேன். ஒப்பந்தக்காரர் வந்து என் முதுகில் தட்டினார்.

"நல்லாத் தேய்க்கிறாய் தம்பி. அந்தப் பைத்தியக்காரன் மட்டும் என்ட கையில கெடச்சா..."

"ஓம் நானா," என்று இன்னும் வேகமாகத் தேய்த்தேன்.