பாப்பா சீட்டைக் கட்டிய லேஷிங் அண்ணன்

உலகத்தில் உள்ள பொருள்கள் எல்லாம் இரண்டே வகை என்று நம்பும் ஒரே மனிதர் எங்கள் ராயபுரம் லேஷிங் அண்ணன்தான். ஒன்று, கட்டிவைத்தது. மற்றது, விழப்போவது.

கப்பலில் ஏற்றிய கண்டெய்னர்கள் சரியாமல் இறுக்கிக் கட்டும் வேலைக்குத் துறைமுகத்தில் லேஷிங் என்று பெயர். அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். மாதா கோயில் திருவிழாவுக்கு அவர் கட்டிய பந்தலை அவிழ்க்க முடியாமல் அடுத்த திருவிழாவையும் அதிலேயே நடத்தினோம். கொருக்குப்பேட்டைக்குப் போன ஒரு கல்யாணக் கட்டிலை வேனில் அவர்தான் கட்டிக்கொடுத்தார். கட்டில் இறங்கவே இல்லை. புதுமாப்பிள்ளை வேனில் ஏறிப் படுத்ததாகக் கேள்வி.

இப்படிப்பட்டவரை நான் விமானத்தில் அழைத்துப் போனதற்குக் காரணம் என் கூச்சம். மளிகைக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே ஐம்பதைத் தொட்டவன் நான். தெரியாதவரைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வேலை மாற்றலாகிப் புனே போன என் தங்கை ஜெசி, அங்கே வீடு அமையும்வரை தன் இரண்டரை வயது மகளை எங்களிடம் விட்டிருந்தாள். வீடு அமையப் பல மாதம் ஆகிவிட்டது. போனில் அம்மா முகம் தெரிந்தாலே பாப்பா ஓடிப்போய், பாதி நாள் எங்கள் வீட்டிலேயே இருக்கும் லேஷிங் அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். "அவ என்னை மறந்துட்டாளாண்ணே?" என்று ஜெசி கேட்கும்போதெல்லாம், சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுவேன்.

காரில் குழந்தையை உட்காரவைக்கும் சீட் ஒன்றை ஜெசி அனுப்பியிருந்தாள். பாப்பா சாப்பிடுவதும் தூங்குவதும் அதில்தான். விமானத்திலும் பாப்பாவுக்கு எடுத்த இடத்தில் அதை வைக்கலாம் என்று விசாரித்துச் சொன்னாள். என் மனைவி கடையைப் பார்த்துக்கொள்ள, எனக்குத் துணையாக அண்ணன் கிளம்பினார்.

"நீ ஒண்ணியும் பேசாத நைனா. பேசறதுக்கு நான் கீறேன்."

பாதுகாப்புச் சோதனையில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். அண்ணன் இடுப்பிலிருந்து நைலான் கயிற்றை உருவினார். உருவினார். உருவிக்கொண்டே இருந்தார். அதிகாரி இந்தியில் ஏதோ கேட்டார்.

"பெல்ட்டு சார். பெரிய சைஸு."

அதிகாரி கயிற்றைப் பார்த்தார். கீழே இறங்கிக்கொண்டிருந்த பேண்ட்டைப் பார்த்தார். அவசரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விமானத்தில் பணிப்பெண் வந்து பாப்பா சீட்டை பெல்ட்டில் மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் முகம் சுருங்கியது.

"இன்னா நைனா இது, பாவாட நாடா மாரி கீது."

"அவங்க பாத்துட்டாங்கண்ணா. போதும்."

"கப்பல் ஆடுனா கீய தண்ணி கீது. இது ஆடுனா கீய இன்னா கீது, சொல்லு."

செருப்பைச் சரிசெய்வதுபோல அண்ணன் குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் இடுப்பில் கயிறு இல்லை.

புனேயில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பாப்பா என் தோளுக்கு வந்துவிட்டாள். சீட் வரவில்லை. அண்ணன் இழுத்தார், பல்லால் கடித்தார். பணிப்பெண்ணும் இழுத்துப் பார்த்தார். அவர் தமிழ்ப்பெண்தான்.

"நீங்கதானே சார் கட்டுனீங்க? அவுக்கத் தெரியாதா?"

"கட்றதுதாம்மா நம்ம வேல. அவுக்கறது, கப்பல் போய்ச் சேர்ற ஊர்ல வேற கேங்கு."

கீழிருந்து ஒருவர் வந்து கயிற்றை அறுத்தார். அண்ணன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சீட்டை ஒரு கையிலும் பேண்ட்டை ஒரு கையிலும் பிடித்தபடி இறங்கினார்.

வெளியே ஜெசி கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். பாப்பா வீறிட்டாள். என் தோளிலிருந்து தாவி அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஜெசி உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். வழியெல்லாம் நான் பயந்தது இதற்குத்தான்.

அண்ணன் சீட்டைப் போட்டுவிட்டு, பாப்பாவோடு தரையில் உட்கார்ந்தார். "நீயும் குந்தும்மா. கூப்டாத, கைய நீட்டாத. சும்மா குந்து."

ஆபீஸ் உடுப்போடு ஜெசி தரையில் உட்கார்ந்தாள். தள்ளுவண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. பாப்பா அங்கே இல்லாததுபோல அண்ணன் பேச ஆரம்பித்தார்.

"ஒங்கண்ணன் கீறானே, தண்ணி கேக்க வெக்கப்பட்டுக்கினு பாப்பா பால் புட்டிய காலி பண்ணிட்டாம்மா."

அது பொய். நான் குடித்தது இரண்டு வாய்தான்.

அழுகைக்கு நடுவே ஜெசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்குப் பாப்பா தலையைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அண்ணன் மடியிலிருந்து இறங்கிப் போய், அம்மாவின் வாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, காலையில்தான் இறங்கிப் போனவள்போல அந்த மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அவ்ளோதான் நைனா" என்றார் அண்ணன். ஆனால் அவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

திரும்பும் விமானத்தில் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் பயந்துபோய், "அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று மெல்லக் கேட்டார்.

தெருக்காரர் என்று சொல்லியிருக்கலாம்.

"எங்க அண்ணன்" என்றேன்.