போதும் சார் வைத்த சோப்பு

வைத்த சோப்பு வைத்தபடியே இருந்தது. மேலே அச்சடித்திருந்த எழுத்துகூட அழியவில்லை. பேக்கரியின் மேற்பார்வையாளர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கமும் காய்ந்துதான் கிடந்தது.

சோப்புக்கு மேலே, சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று தொங்கியது. நுரை பொங்கும் இரண்டு கைகள். கீழே, 'சோப்புப் போட்டுக் கை கழுவுவோம்'. போன வாரம் அவரே ஸ்டூல் போட்டு ஏறி, ஆணியடித்து மாட்டியது. குழாயடியில் கிடந்த தேய்ந்துபோன சோப்புத் துண்டை அசிங்கமாக இருக்கிறதென்று தூக்கிப் போட்டுவிட்டு, இந்தப் புது சோப்பை வைத்ததும் அன்றுதான். அன்று மாலை சுவரெல்லாம் ஈரம். கழுவிவிட்டுக் கையை உதறியிருக்கிறார்கள் என்று அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஈரம் மறுநாளே காய்ந்துவிட்டது. சந்தோஷமும்தான்.

எல்லாம் மாவு பிசைபவரால் வந்தது. ஏதோ விருந்தில் கண்டதையும் தின்றுவிட்டு வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது: நோயாளிகளுக்கு உங்களிடமே ரொட்டி வாங்கிக்கொள்கிறோம், ஆனால் எங்கள் அதிகாரி வந்து சுத்தத்தைப் பார்த்த பிறகுதான்.

முதலாளி மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்.

"இன்னொருத்தர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு லீவு கேட்டு வரக் கூடாது. எல்லாரையும் கை கழுவ வைங்க. ஆர்டர் கிடைக்கலேன்னா உங்க நாற்காலியில என் மச்சான் உட்காருவான். வீட்ல ஏற்கெனவே அவனுக்காக நச்சரிச்சுக்கிட்டு இருக்கா."

மச்சானுக்கு ரொட்டியைத் தின்னத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் மச்சானாக இருப்பதே ஒரு பெரிய தகுதி. மேற்பார்வையாளருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

அவருக்கு அங்கே 'போதும் சார்' என்று பெயர். யார் எதைச் சொல்ல வந்தாலும், பாதியிலேயே கையைக் காட்டி, "போதும், புரிஞ்சுது" என்பார். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சொல்ல வந்தவருக்குப் போதும் போதுமென்று ஆகிவிடும்.

"சோப்பு அப்படியே இருக்கே, ஏன் யாரும் தொடல?" என்று பாக்கிங் அக்காவைக் கேட்டார்.

"சார், அந்தக் குழாயில..."

"போதும், புரிஞ்சுது. சோப்பு மட்டமா இருக்கு. மாத்திடறேன்."

மாடியில் அவருக்குத் தனி அறை, தனிக் குழாய். அங்கே முழங்கை வரை நுரைக்க நுரைக்கக் கழுவுவார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கீழே இருந்த குழாயை அவர் திறந்ததே கிடையாது.

எலுமிச்சை வாசனை அடிக்கும் நல்ல சோப்பாக வாங்கி வைத்தார். மறுநாள் சோப்பைக் காணோம். இன்னொன்று வைத்தார். அதுவும் போயிற்று.

"எடுத்துட்டுப் போனது நான்தான் சார்" என்றார் பாக்கிங் அக்கா, கொஞ்சமும் கூச்சப்படாமல். "சும்மா காஞ்சுக்கிட்டு கிடக்குதே, வீட்லயாவது உதவட்டும்னு. இங்க வெச்சு என்ன..."

"போதும், புரிஞ்சுது."

சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். சோப்பு அதன் பிறகு எங்கேயும் போகவில்லை. கரையவுமில்லை.

ஒருநாள் அடுப்புக்காரர், மாவு பிசையத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கும் தொட்டியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போவதை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார்.

"அது ரொட்டிக்கு வெச்ச தண்ணி. எங்க கொண்டு போறீங்க?"

"கை கழுவ சார். வேற வழி இல்லாமதான்..."

"போதும். தொட்டித் தண்ணியில இனிமே யாரும் கை வைக்கக் கூடாது."

அந்தக் குவளையும் அன்றோடு நின்றது. அடுத்த வாரம் அடுப்புக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவு கேட்டார். அவருக்குப் பின்னாலேயே பாக்கிங் அக்கா வந்து நின்றார். மாடியில் முதலாளியின் மச்சான், நாற்காலி உயரம் தனக்குச் சரியாக வருமா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனான்.

மேற்பார்வையாளர் அன்றே எல்லாரையும் கூப்பிட்டார்.

"கை மணக்காம இனிமே ஒருத்தரும் உள்ள போகக் கூடாது" என்று அறிவித்துவிட்டு, காலையில் கதவருகே நின்று ஒவ்வொருவர் கையாக மோந்து பார்த்தார். முதல் நாள் பலரைத் திருப்பி அனுப்பினார். மறுநாளிலிருந்து எல்லார் கையும் கமகமவென்று மணத்தது. வலைப்பையில் சோப்பும் பாதியாகத் தேய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு நாளில் கடைகளிலிருந்து போன் வர ஆரம்பித்தது.

"ரொட்டியில சோப்பு வாசனை வருதாம்" என்றார் முதலாளி. "ஒருத்தர் வாயில வெச்சுட்டு, குளிக்கிற சோப்பைக் கடிச்ச மாதிரி இருக்குன்னாராம்."

"சுத்தத்தோட வாசனை முதலாளி அது" என்றார் மேற்பார்வையாளர்.

ஆஸ்பத்திரி அதிகாரி வரும் நாள் விடிந்தது. வாசலில் நின்ற வாட்ச்மேன் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். தண்ணீர் மோட்டார், தொட்டி எல்லாம் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

"சார், அன்னைக்கு நீங்க ஸ்டூல் மேல ஏறினீங்களே, அப்பவே நான்..."

"போதும். இன்னைக்குப் போய் பழைய கதை. வாசலைப் பாருங்க."

அதிகாரி கண்டிப்பான அம்மா. அடுப்பைப் பார்த்தார், மாவு மேடையைப் பார்த்தார், தலையசைத்தார். குழாயடிக்கு வந்ததும் சுவரில் இருந்த படத்தை நிதானமாகப் படித்தார்.

"நல்ல யோசனை. யார் மாட்டினது?"

"நானே என் கையால மாட்டினேன் மேடம்" என்றார் மேற்பார்வையாளர். பின்னால் நின்ற முதலாளியின் முகத்தில் பல நாள் கழித்து ஒரு சிரிப்பு வந்தது. நாற்காலி பிழைத்தது என்று மேற்பார்வையாளர் மூச்சு விட்டார்.

"மாவு மேடையைத் தொட்டுட்டேன். நானும் கழுவிக்கறேன்" என்று சொல்லி, அந்த அம்மா குழாயைத் திருகினார்.

குழாய் உஸ்ஸென்றது. அவ்வளவுதான். இன்னும் திருகினார். அந்த உஸ்ஸும் நின்றது. மேற்பார்வையாளர் பாய்ந்து வந்து தானும் திருகினார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் குழாயைத் திறக்கப் பார்த்தார்.

"எப்பலேர்ந்து தண்ணி வரல?" என்று அதிகாரி கேட்டார்.

எல்லாரும் வழக்கம்போல 'போதும்' என்று வருமென்று மேற்பார்வையாளரைப் பார்த்தார்கள். அவர் இன்னும் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் சொல்ல வந்ததை முழுதாகச் சொன்னார்.

"இந்தப் படத்தை மாட்ட சார் ஆணி அடிச்சாருங்க, அது சுவருக்குள்ள இருக்கிற பைப்பைத் துளைச்சிடுச்சு. தண்ணி கொட்டவும் நான் இந்தக் குழாய்க்கு வர்ற வால்வை மூடினேன். அதுவரைக்கும் இங்க எல்லாரும் சோப்புப் போட்டுத்தான் மேடம் கை கழுவிக்கிட்டு இருந்தாங்க."