மதிலுக்கு அந்தப் பக்கத்து ஊதாப்பூ

"பூவைப் பார்க்குறதுக்கு எதுக்குங்க தலை வாரணும்?"

தையல்காரியின் குரல் மிஷின் சத்தத்தையும் மீறித் தெருமுனை வரை கேட்டது. மதிலோரம் நின்ற கணக்கர், அதாவது அவள் புருஷன், சீப்பைச் சட்டைப்பைக்குள் நழுவவிட்டார்.

"அது என்ன பூன்னே பிடிபடல. அதான் உத்துப் பார்க்குறேன்."

"பார்த்து?"

"கத்தாதே. அந்தப் பக்கம் காதுல விழும்."

அந்தப் பக்கம் தனியாகக் குடியிருந்தவள் ஒரு நர்ஸ். கல்யாணம் ஆகாதவள். ஊதா நிறத்தில், நடுவே மஞ்சள் பொட்டு வைத்த அந்தப் பூ அவள் தோட்டத்தில்தான் பூத்தது. நர்ஸ் எந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாளோ, அந்தச் செடியின் பேர்தான் கணக்கருக்குத் தெரியாமல் போகும் என்பது தையல்காரியின் கணக்கு.

அதே பூ நம் வீட்டில் பூத்துவிட்டால் மனுஷனுக்கு மதிலோரம் என்ன வேலை? கொழுந்தனைக் கூப்பிட்டாள். ஃபேன் ரிப்பேர் பார்ப்பவன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

"எனக்கு அந்தப் பூவோட விதை வேணும். கேட்காதே, கேட்டா அவளுக்குத் தலைக்கனம் ஏறிடும். டூட்டிக்குப் போனதும் மதிலேறிக் குதி."

"திருடச் சொல்றீங்களா அண்ணி?"

"செடி விதைக்கெல்லாம் பேர் திருட்டா? போடா."

கொழுந்தன் கை நிறையப் பச்சைக் காய்களோடு வந்தான். "புத்தம்புதுசு அண்ணி."

உரித்துப் புதைத்தாள். அழுகியது. மறுபடி அனுப்பினாள். மறுபடியும் பச்சைக் காய், மறுபடியும் அழுகல். வெயில் போதவில்லை போலும் என்று தொட்டிகளை மதில்மேலேயே ஏற்றினாள். அங்கே தண்ணீர் ஊற்ற எட்டுகிற உயரம் வீட்டில் புருஷனுக்குத்தான் இருந்தது. கணக்கர் இப்போது காலையும் மாலையும் தலைவாரி, குவளையோடு, அதிகாரபூர்வமாகவே மதிலோரம் நின்றார்.

தையல்காரிக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் யாருடைய சட்டைக்கோ இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் தைத்துவிட்டாள். ஆத்திரம் கொழுந்தன் மேல் திரும்பியது.

"நாலு விதை எடுக்க ஒரு சாயங்காலம் முழுக்கவாடா?"

"அவங்க டூட்டிக்குக் கிளம்பவே இல்ல அண்ணி. செடி மறைவுல உட்கார்ந்தே இருந்தேன்."

"பாவம்டா நீ. நாளைக்கும் போ."

போனான். கொட்டுகிற மழையிலும் போனான்.

அந்தப் பூக்காலம் முடிவதற்குள் கொழுந்தனுக்கும் நர்ஸுக்கும் கல்யாணம் ஆனது. நர்ஸ் தன் செடிகளோடு மதிலுக்கு இந்தப் பக்கம் குடிவந்தாள். கணக்கர் இப்போது மதிலோரம் நிற்பதில்லை. கூடத்திலேயே உட்கார்ந்து பூவைப் பார்க்கிறார். தையல்காரி கணக்கரைப் பார்க்கிறாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள். "ஏம்மா, உன் செடி விதை எங்க தொட்டியில மட்டும் ஏன் முளைக்கவே இல்ல?"

"முதல் நாளே காஞ்சு வெடிச்ச நெத்தாப் பார்த்து நானே எடுத்துக் கொடுத்தேன் அக்கா," என்றாள் நர்ஸ். "'அது முளைச்சிடும், அப்புறம் அண்ணி என்னை இங்க அனுப்ப மாட்டாங்க'ன்னு இவருதான் பச்சைக் காயாப் பறிச்சிட்டு வருவாரு."