வரும்போது கனத்த பை

அன்று மாலை சூப்பர்வைசர் ஒரு பெரிய தீர்மானத்தோடு வீட்டுக்கு வந்தார்.

நாலு மாடிக் கடை ஒன்றின் செக்யூரிட்டி சூப்பர்வைசர் அவர். முப்பத்திரண்டு கேமராவும் வாசலில் பை சோதனையும் அவர் பொறுப்பு. பத்தொன்பது வருஷமாக அவர் மனிதர்களின் முகத்தைப் பெரிதாகப் பார்த்ததில்லை. கையையும் பையையும்தான் பார்த்தார். கல்யாணத்துக்குப் போனாலும் சாப்பாட்டுக் கூடத்துக்கு எத்தனை வாசல் என்று எண்ணிவிட்டுத்தான் உட்காருவார். போனை எடுத்தால் 'ஹலோ' கிடையாது, "செக்யூரிட்டி!" தான். மாமியார் கூப்பிட்டாலும் அதேதான்.

மதியம் ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் கேட்டார்: "வேலையைத் தவிர வேற என்ன பண்ணுவீங்க?"

"வேலையைப் பத்தி யோசிப்பேன்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "அந்த வேலை நாளைக்கு இல்லைன்னு வெச்சுக்குங்க. அப்போ நீங்க யாரு?"

பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தார். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிற்று. பதில் மட்டும் வரவில்லை. உள்ளுக்குள் லேசாகப் பயம் தட்டியது.

அதனால்தான் தீர்மானம். செருப்பைக் கழற்றும்போதே மனைவியிடம் அறிவித்தார்.

"இன்னையிலேருந்து நான் வேற, என் வேலை வேற. இந்த வீட்டுக்குள்ள சந்தேகம் கிடையாது, விசாரணை கிடையாது, சோதனை கிடையாது."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "சரி," என்றாள்.

அவ்வளவுதான். இருபத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. அந்தச் 'சரி'யில் ஏதோ சரியில்லை என்று அவருக்கு அந்த நிமிஷமே பட்டது.

மறுநாள் அவர் டியூட்டி முடிந்து வந்ததும், நாலரை மணிக்கு அவள் ஒரு துணிப்பையோடு கிளம்பினாள். ஆறரைக்குத் திரும்பினாள்.

"எங்கே போயிட்டு வர்றே?"

"இதைக் கேக்கறது யாரு? என் வீட்டுக்காரரா, சூப்பர்வைசரா?"

"வீட்டுக்காரர்தான்."

"அவர் இதுவரைக்கும் இப்படிக் கேட்டதில்லையே. சாப்பாடு ஆச்சான்னுதான் கேப்பார்."

"சரி, சூப்பர்வைசர்னே வெச்சுக்கோ."

"அவரை வாசல்லயே நிறுத்திட்டதா நேத்துதானே சொன்னீங்க?"

தன் வார்த்தையிலேயே தான் மாட்டிக்கொண்டதைச் சூப்பர்வைசர் உணர்ந்தார். வாயை மூடலாம், கண்ணை எப்படி மூடுவது? தினமும் பார்த்தார். பை போகும்போது இலேசாகவும் வரும்போது கனமாகவும் இருந்தது. அவர் தொழிலில் இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. போதாததற்கு அவள் முடி நுனியில் ஈரம். பக்கத்தில் போனால் பிளீச்சிங் பவுடர் வாசனை. உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. சாமானை ஒளித்துக்கொண்டு வாசலைத் தாண்டுகிறவர்களிடம் மட்டுமே அவர் பார்த்திருக்கிற சிரிப்பு அது.

படியில் பார்த்த கீழ் வீட்டுக்காரர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "வீட்டம்மா இப்பல்லாம் பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்காங்களே, என்ன சார் சேதி?"

"அதைத்தான் நானும்..." என்று ஆரம்பித்து, "ஒண்ணுமில்லை" என்று முடித்தார்.

எட்டாம் நாள் சாப்பாடு இறங்கவில்லை. பத்தாம் நாள் கடையில் இரண்டு பேரைத் தப்பவிட்டார். பதினோராம் நாள் யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், தீர்மானத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு அவள் பின்னால் கிளம்பினார்.

பின்தொடர்வது வியக்கும்படி சுலபமாக இருந்தது. ஆளில்லாத தெருமுனையில் கூட அவள் நின்று நின்று போனாள். இரண்டு தடவை குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தாள். பத்தொன்பது வருஷ அனுபவம் வீண் போகவில்லை என்று சூப்பர்வைசர் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

அவள் நுழைந்தது ஒரு நீண்ட ஓட்டுக் கட்டடம். உள்ளே விசில் சத்தம். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். நீச்சல் குளம்! தண்ணீரில் இருபது தலைகள். எல்லாத் தலையிலும் ஒரே மாதிரி ரப்பர் தொப்பி, எல்லாக் கண்ணிலும் ஒரே மாதிரிக் கண்ணாடி. எது முதலாளி, எது கூலியாள் என்று தெரியவில்லை. எது தன் மனைவி என்றே தெரியவில்லை.

"என்ன சார், ஆழம் பார்க்க வந்தீங்களா?" மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் அம்மாள் கேட்டாள்.

அவர் நிமிர்ந்து நின்றார். "நான் நாலு மாடிக் கடை செக்யூரிட்டி..."

"அதை இங்கே யாரும் கேக்கறதில்லைங்க. நீச்சல் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

"அப்போ இந்தப் பக்கம்." அவள் நோட்டைப் புரட்டி ஒரு பெயரில் டிக் அடித்தாள். அவருடைய பெயர். மேஜையடியிலிருந்து ஒரு தொப்பியையும் அரை டிரவுசரையும் எடுத்து நீட்டினாள். முப்பத்தெட்டு அங்குல இடுப்பு, அவர் அளவேதான்.

யூனிபாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தபோது, யாரோ முன்பின் தெரியாத ஆள் போலக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். குளத்துப் படியில் ஒரு காலை வைத்தார். ஒரு ரப்பர் தொப்பி கிட்டே வந்து கை நீட்டியது.

"பிடிச்சுக்குங்க. படி வழுக்கும்."

கழுத்தளவு தண்ணீரில் மனைவியின் கையை விடாமல் நின்றார். பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலை, "நானும் இன்னைக்குத்தான். பயமா இருக்கா?" என்றது. "இருக்கு," என்றார் உண்மையாக. யாரும் சிரிக்கவில்லை. நெஞ்சு என்னமோ லேசானது.

"கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பேனே," என்றார் மனைவியிடம்.

"வருவீங்களா? கடை ஆளுங்க பார்த்தா மரியாதை என்னாகும்னு கேட்டிருப்பீங்க. சந்தேகம்னு ஒண்ணு வந்தாத்தான் நீங்க இடத்தை விட்டே எழுந்திருப்பீங்க."

"அப்போ நான் பின்னாலேயே வருவேன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூணாம் நாளே வந்துடுவீங்கன்னு நினைச்சேன்," என்றாள் அவள். "பாவம், உங்களை நம்பியிருக்கிற அந்தக் கடை."